ஒரு பிட் விட்டுப்போனால்

ஞாயிறு காலை. மல்லேஸ்வரம் 8வது கிராஸ் பூக்கடைகளில் கூட்டம் குறைவதற்குள் மாடி வீட்டு இளைஞர் லேப்டாப்புடன் இறங்கி வந்தார். "அக்கா, நானும் உங்களைப் போல மொழிபெயர்ப்பாளன்தான்" என்றார்.

சிப் தொழிற்சாலை இயந்திரங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் செய்திகளை மனிதர் படிக்கும்படி எழுதிக்காட்டும் சாஃப்ட்வேர் தயாரிப்பது அவர் வேலை. குஜராத்தின் சானந்த் ஆலைக்கு 2023லும், அஸ்ஸாமின் ஜாகிரோடு ஆலைக்கு 2024லும் மத்திய அரசு ஒப்புதல் தந்ததிலிருந்து ஆள் உற்சாகமாக இருக்கிறார்.

இயந்திரங்கள் பேசுவது 'செமி' என்ற சர்வதேசத் தொழில் அமைப்பு 1980களில் வகுத்த எஸ்.இ.சி.எஸ்.-2 என்ற மொழி. திரையில் நான்கு எண்களைக் காட்டினார்: 65, 2, 79, 75. முதலில் நிற்கும் 65, 'வரப்போவது எழுத்து, நீளம் அடுத்த பைட்டில்' என்கிறது. 2 என்பது நீளம். 79 'ஓ', 75 'கே'. ஆக, செய்தி 'ஓகே'. அதே 65 எழுத்துகளுக்கு நடுவே வந்தால் 'ஏ'. முன்னால் 165, 1 என்று இருந்தால் வெறும் எண் 65.

எனக்கு இது புதிதல்ல. 'ஆறு' நதியா, எண்ணா, சூடு தணியச் சொல்வதா என்பதை முன்பின் பார்த்துத்தானே முடிவு செய்கிறோம்? தமிழ் எம்.ஏ.வில் படித்ததும் அதுதான்.

அடுத்து காட்டியதுதான் சுருக்கென்றது. அபாய அறிவிப்புச் செய்திகள் இரண்டு. இரண்டிலும் ஒரே வாசகம், ஒரே அபாய எண். ஒன்றின் குறியீடு 130, மற்றதில் 2. இயந்திரத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதற்கு 2. அதோடு 128 சேர்ந்தால் அபாயம் வந்துவிட்டது, சேராவிட்டால் நீங்கிவிட்டது. எட்டு பிட்டில் ஒரே ஒரு பிட் வித்தியாசம். "வாசகத்தை மட்டும் எழுதிக்காட்டினால் போச்சு அக்கா" என்றார்.

பல வருடங்களுக்கு முன் ஓர் இரவு, வெள்ள எச்சரிக்கை 'விலக்கிக்கொள்ளப்பட்டது' என்ற ஆங்கிலச் செய்தியை அவசரத்தில் 'எச்சரிக்கை' என்றே தமிழாக்கினேன். ஊர், ஆறு, நீரின் அளவு எல்லாம் சரி. மறுநாள் ஒரு வாசகர் போன் செய்தார். வயதான அம்மாவை விடிகாலையிலேயே பஸ் ஏற்றி உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். கோபப்படவில்லை. "சரியா பாத்து எழுதுங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

"நீ எப்படிச் சரிபார்ப்பாய்?" என்று கேட்டேன்.

"எழுதினதை மறுபடி பைட்டாக மாற்றுவேன். ஒன்றுகூட மாறாமல் அதே எண்கள் வரணும்."

இப்போதெல்லாம் மொழிபெயர்த்ததை மனதுக்குள் ஒருமுறை ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்க்கிறேன். எல்லாச் சொல்லும் திரும்பி வருவதில்லை. 'விலக்கிக்கொள்ளப்பட்டது' மட்டும் வந்தாக வேண்டும்.