பூஜ்யமும் ஒன்றும் நானும்
மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன், உத்தமபாளையம்

‘மெய்’, ‘பொய்’ என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியுமா? முடியும் என்று சொல்லி, அதற்கென ஓர் இயற்கணிதமே வகுத்தார் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேய அறிஞர். ஆண்டு 1854. எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1937-இல், கிளாடு ஷானன் என்ற அமெரிக்க மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டில், மின்சுவிட்சுகளும் அந்த இயற்கணிதத்துக்கே கட்டுப்படுகின்றன என்று காட்டினார். மின்சாரம் போனால் 1; போகாவிட்டால் பூஜ்யம். இன்றைய கணிப்பொறிகள் யாவும் இந்த அடித்தளத்தின் மேல் எழும்பிய மாளிகைகளே!

அம்மாளிகையின் ஒரு செங்கல்லை நாமும் சோதனைச்சாலையில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம். 7400 என்ற எண் பொறித்த அந்தக் கறுப்பு ஐ.சி.க்குக் கால்கள் பதினான்கு. பதினான்காம் காலுக்கு 5 வோல்ட். ஏழாம் கால் தரைக்கு. உள்ளே நான்கு ‘நேண்ட்’ கேட்டுகள். இந்த நேண்ட் ஒன்றே போதும், மற்ற எல்லாக் கேட்டுகளையும் கட்டிவிடலாம். ‘நாட்’ செய்ய ஒன்று, ‘ஆண்ட்’ செய்ய இரண்டு, ‘ஆர்’ செய்ய மூன்று, ‘எக்ஸ்-ஆர்’ செய்ய நான்கு. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

ஆனால் சோதனைச்சாலையில் நடப்பது என்ன? ஒரு டிரெய்னர் போர்டைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறோம். ஒருவர் கம்பி செருகுவார். ஒருவர் ரெக்கார்டு நோட்டில் உண்மை அட்டவணையை நிரப்புவார். மற்ற மூவர் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் அதுவும் இல்லை. தேர்வுக்கு அட்டவணையை மனப்பாடம் செய்கிறோம்; தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். கம்பியைத் தொடாமலே பட்டம் பெற்றுப் போகும் நண்பர்களை எண்ணித்தான், செமஸ்டர் விடுமுறையில் ஒரு சிமுலேட்டர் எழுதத் தொடங்கினேன். மின்சுற்றைத் திரையிலேயே அமைத்து, திரையிலேயே இயக்கிப் பார்க்கும் நிரல் அது. மொழி பைத்தான், கருவி, அண்ணன் பயன்படுத்தி ஒதுக்கிய பழைய லேப்டாப்.

நிரலின் அமைப்பு எளியது. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு வரி: அதன் வகை, உள்ளே வரும் கம்பிகள், வெளியே போகும் கம்பி. ஒரு கம்பியின் மதிப்பு மாறினால், அது சென்று தொடும் கேட்டுகளை மட்டும் மீண்டும் கணக்கிட வேண்டும். ஓர் எக்ஸ்-ஆரையும் ஓர் ஆண்டையும் இணைத்து அரைக்கூட்டி அமைத்தேன். ஒன்றையும் ஒன்றையும் கூட்டியபோது, எக்ஸ்-ஆர் பூஜ்யம் காட்டிற்று. அடுத்த இடத்துக்கு ஏறும் 1-ஐ ஆண்ட் காட்டிற்று. அன்றிரவு உறக்கம் வரவில்லை!

விடுமுறை முடிந்து நிரலைத் துறையில் காட்டியபோது, ஆசிரியர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, ஒரு கம்பியை நேராக ஓர் ஆண்டுக்குள் விடு. அதே கம்பியை ஒரு நாட் வழியாகவும் அதே ஆண்டுக்குள் விடு. என்ன வரும்?” ஒன்று 1 என்றால் மற்றது பூஜ்யம், ஆகவே அட்டவணைப்படி விடை எப்போதும் பூஜ்யம். “எப்போதும் என்றால், எப்போது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு வழிகாட்டியவர், கணிப்பொறியைத் தொட்டறியாத என் தந்தை. எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே இறங்கி, லோயர் கேம்ப் தாண்டி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் வாய்க்கால்களில் பிரிந்து ஓடுகிறது. தந்தையிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, “மடையைத் தொறந்த நிமிசமே நம்ம வயலு நனைஞ்சிருமாடா? தண்ணி வந்து சேர நேரம் வேணாமா?” என்றார். அவ்வளவுதான்!

கேட்டும் ஒரு மடையே. 7400 வகைக் கேட் ஒன்று, உள்ளே வந்த மாற்றத்தை வெளியே காட்ட ஏறத்தாழ 10 நானோ நொடி எடுக்கும். அதாவது ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. எனவே நிரலுக்குள் ஒரு நாட்குறிப்பு வைத்தேன். ‘இன்ன நேரத்தில், இன்ன கம்பி, இன்ன மதிப்புக்கு மாறும்’ என்று நேரவரிசைப்படி எழுதிக்கொண்டே போகும். முதல் வரியை எடுத்து நிறைவேற்றும். அதனால் விளையும் மாற்றங்களை மீண்டும் எழுதும். இப்போது ஆசிரியரின் சுற்றை இயக்கினேன். கம்பி பூஜ்யத்திலிருந்து 1-க்கு மாறியது. நாட் வழியாக வரவேண்டிய செய்தி 10 நானோ நொடி பிந்தியது. அந்த இடைவெளியில் ஆண்டின் இரு வாயிலிலும் 1 நின்றது. வெளியே, அட்டவணையில் இல்லாத ஒரு சின்னஞ்சிறு 1 தோன்றி மறைந்தது!

மூன்று நாட்களை வளையமாக இணைத்தால் என்ன ஆகும்? அட்டவணை திகைத்து நிற்கும். எந்த மதிப்பும் பொருந்தாது. காலம் அறிந்த நிரலோ, 60 நானோ நொடிக்கு ஒரு சுற்றாக ஓயாமல் ஊசலாடும் அலையை வரைகிறது. இரு நேண்டுகளை ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகும்படி பின்னினால், கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் சுற்று பிறக்கிறது. எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இருவர் 1918-இலேயே வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இத்தகைய சுற்றை அமைத்தனர். நினைவு என்பதே காலத்தின் குழந்தை அல்லவா?

“இத்தகைய நிரல்கள்தாம் இலவசமாகவே கிடைக்கின்றனவே, நீ ஏன் மெனக்கெட வேண்டும்?” என்று நண்பர்கள் கேட்டனர். உண்மைதான். அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் கார்ல் பர்ச் தம் மாணவர்களுக்காக எழுதிய லாஜிசிம் உலகெங்கும் பரவிற்று. 2014-இல் அவர் பணியை நிறுத்திய பின்னும் பிறர் அதை வளர்த்து வருகின்றனர். பெங்களூரில் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்த சாத்விக் ராமபிரசாத் தொடங்கிய சர்க்யூட்வெர்ஸ், நிறுவாமலே பிரௌசரில் இயங்குவது. அதன் நிரல்வரிகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. மாணவர் பலர் கைகோத்து வளர்க்கும் தேர் அது. அவற்றின் முன் என் நிரல் நடைவண்டி. ஆயினும், ஊரார் தேரைப் பார்த்து மட்டும் நடை பழக முடியாதே! பிறர் எழுதிய சிமுலேட்டர், சுற்று என்ன செய்யும் என்று காட்டுகிறது. நாமே எழுதும்போதுதான், ‘எப்போது?’ என்ற கேள்விக்கு நாமே விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். திரையில் ஐ.சி. சுடாது, கம்பி தளராது, காலை மாற்றிச் செருகினாலும் புகை வராது. ஆகவே சோதனைச்சாலைக்கு இது மாற்று அல்ல. வீட்டில் பத்து முறை இயக்கிப் பார்த்துவிட்டு வருகிறவர், ஐந்து பேர் நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தை வீணாக்க மாட்டார். அதற்காகவே கேட்டுகளின் பெயர்களையும் விளக்கங்களையும் தமிழிலேயே வைத்திருக்கிறேன்.

நிரல் துறைக் கணிப்பொறியில் இருக்கிறது. வேண்டுவோர் பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். அதில் இன்னும் கடிகாரத் துடிப்பு இல்லை. எண்ணி (கவுண்டர்) இல்லை. படம் வரைந்து இணைக்கும் வசதியும் இல்லை. இளைய வகுப்புத் தோழர்களே, தோழியரே! அவை உங்களுக்காகவே காத்திருக்கின்றன.