முதல் தடவை கேட்டதும் தீர்ப்பு எழுதாதீங்க



பிடித்த ராக் பேண்ட் புது மாதிரி ஆல்பம் போட்டால், அன்னிக்கு ராத்திரியே "பழைய மாதிரி இல்லையே"ன்னு தீர்ப்பு வந்துடும்.

2000-ல் ரேடியோஹெட்டுக்கு இதுதான் நடந்தது. 'ஓகே கம்ப்யூட்டர்' கொடுத்தவங்க, அடுத்து 'கிட் ஏ'வில் கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளி எலக்ட்ரானிக் ஒலிகளை முன்னால வெச்சாங்க. ரசிகர்கள் பலர் குழம்பினாங்க. பின்னாடி, அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பம்னு 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அதுக்கே முதலிடம் கொடுத்தது.

நம்ம ஊர் உதாரணம், 1986-ல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. சினிமா கிடையாது, பாடல் வரிகள் கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. பாக்கின் வயலின் இசையோடு நம்ம வயலினும் பேசும்.

களமருதூர் பஸ்ஸில் முதல் தடவை கேட்டப்போ எனக்கு எதுவும் பிடிபடல. அஞ்சாவது தடவை, நைட் டியூட்டி முடிஞ்ச ஒரு காலையில, வயலின் திரும்பும் இடத்துக்கு மனசு முன்னாடியே போய் நின்னுச்சு.

ஏன்?

இசை கேட்கும்போது அடுத்து என்ன வரும்னு மூளை ஊகிச்சுக்கிட்டே இருக்கும். பழகின பாணியில் ஊகம் பலிக்கும், சுகமா இருக்கும். புது பாணியில் தப்பும், எரிச்சல் வரும்.

காய்ச்சல் வந்த முதல் நாளே "டைபாய்டு டெஸ்ட் எழுதுங்க சார்"னு கேட்பாங்க. அன்னிக்கு வைடல் எடுத்துப் பயனில்ல. ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாக நாளாகும். காதுக்கும் அதே கணக்குதான்.

அஞ்சு தடவை கேட்டும் பிடிக்கலையா? தாராளமா சொல்லுங்க.

ஆனா முதல் நாளே திட்டித் தீர்த்தா, கலைஞர்கள் பழசையே திருப்பித் தருவாங்க. நஷ்டம் நமக்குத்தான்.


அரசு மருத்துவர், களமருதூர்