டெக்லனிகா ஆற்றின் அக்கரை

அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில் ஹீலி என்றொரு சிற்றூர் உண்டு. அதன் மேற்கே காட்டுக்குள் செல்கிறது ஸ்டாம்பீட் தடம். பாதையென்று பெயரே தவிர, சேறும் சதுப்பும் கொசுக்கூட்டமுமே அங்கு மிகுதி. 1961-இல் சாலை போட வந்த தொழிலாளர் தங்குவதற்கென இழுத்துச் செல்லப்பட்ட பழைய பேருந்தொன்று, பணி நின்றதும் அங்கேயே விடப்பட்டது. அதன் எண் 142.

1992 ஏப்ரலில் இத்தடத்தில் தனியே புகுந்தார் கிறிஸ் மெக்கேண்ட்லஸ் என்னும் பட்டதாரி இளைஞர். வசதியான குடும்பத்துப் பிள்ளை. சேமிப்பைத் தருமத்துக்கு வழங்கிவிட்டு, பெற்றோருக்கு ஒரு வரியும் எழுதாமல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அலைந்தவர். அவர்களோ துப்பறிவாளரை அமர்த்தித் தேடிக்கொண்டிருந்தனர். அவரிடம் சிறிது அரிசியும் ஒரு துப்பாக்கியும் சில நூல்களும் இருந்தன. அப்பகுதியின் விரிவான வரைபடம் இல்லை.

ஏப்ரல் குளிரில் ஒடுங்கிக் கிடந்த டெக்லனிகா ஆற்றை அவர் நடந்தே கடந்தார். ஜூலையில் ஊர் திரும்ப வந்தபோதோ, அது கரைபுரண்டு ஓடியது. மழையில் பெருகும் ஆற்றை நாம் அறிவோம். பனிமலை ஆறோ வெயிலில் பெருகுவது. கோடை முற்ற முற்ற உறைபனி உருகி வெள்ளம் ஏறும். நீர் வண்டல் கலந்து கலங்கியிருப்பதால் ஆழமும் தெரியாது. அவர் பேருந்துக்கே திரும்பினார். ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில், ஆற்றின் குறுக்கே கம்பிவடமும் அதில் ஒரு தொட்டிலும் இருந்தன! வரைபடம் இருந்திருந்தால் அறிந்திருப்பார்.

செப்டம்பர் 6 அன்று வேட்டைக்காரர்கள் கண்டது, ஏறத்தாழ 30 கிலோ எடையே எஞ்சிய உடலை. வயது 24. அவர் உண்ட விதைகளில் நஞ்சிருந்ததா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. அவரை வீரரென்பாரும் மூடரென்பாரும் உளர். நமக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

அடுத்த ஆண்டு பெற்றோர் ஹெலிகாப்டரில் அங்கு சென்றனர். இனி வருவோருக்கென உணவுப் பொருட்களையும் மருந்துப் பெட்டியையும் தாய் வைத்தார். கூடவே ஒரு குறிப்பும்: இதைப் படிப்பவர் விரைவில் தம் பெற்றோரை அழைத்துப் பேசட்டும் என்று.

1996-இல் நூலும் 2007-இல் திரைப்படமும் வெளிவர, இளைஞர்கள் அப்பேருந்தைத் தேடிச் செல்லலாயினர். 2010-இல் சுவிட்சர்லாந்துப் பெண்ணொருவரையும், 2019-இல் பெலாரஸ் நாட்டுப் புதுமணப்பெண் ஒருவரையும் அதே ஆறு கொண்டுபோயிற்று. மீட்கப்பட்டோர் பலர். 2020 ஜூனில் அரசு பேருந்தை ஹெலிகாப்டரில் தூக்கிச்சென்று, ஃபேர்பேங்க்ஸிலுள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது. அதைக் காண இனி எவரும் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை.