வளையலா, மைக்கா?

"ஒரு மைக்குக்கு ஒண்ணேகால் லட்சமா? அந்தப் பணத்துக்கு நகை வாங்கலாமே!" என்றுதான் நம்மில் யாருக்கும் தோன்றும். எங்கள் வீட்டிலோ கேள்வி தலைகீழாக வந்தது. என் அம்மா போட்டு அனுப்பிய வளையல்களை விற்று அந்த மைக்கை வாங்குவதா, வேண்டாமா?

நாங்கள் இருப்பது புதுவாயலில். கல்கத்தா ஹைவேயிலிருந்து பெரியபாளையம் ரோடு பிரிகிற ஊர். அவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு நான் கதைகளைப் படித்து, ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்து அனுப்புகிறேன். சீட்டுப் பணத்துக்கும் ஸ்கூல் பீஸுக்கும் அந்த வருமானம்தான் கை கொடுக்கிறது. "பின்னால் இரைச்சல் கேட்கிறது" என்று இரண்டு பதிவுகள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் வேலையே நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான், மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவிலிருந்து பழைய மைக் ஒன்று விலைக்கு வந்தது. நொய்மன் யு 87. 1928-ல் பெர்லினில் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. 1967-ல் வெளிவந்து, 1986-ல் உள்பாகங்களைத் திருத்தி, இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. புதிதாக வாங்கினால் விலை லட்சங்களில்!

"அப்படி என்னதான்டி இருக்கு அதுக்குள்ள?" என்றார் மாமியார்.

மேடையில் நாம் பார்க்கும் மைக்கில் ஒரு சவ்வும், அதோடு ஒட்டிய கம்பிச் சுருளும், காந்தமும் இருக்கும். இது கண்டென்ஸர் வகை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வின் மேல் தங்கப் பூச்சு. அதன் எதிரே ஓர் உலோகத் தகடு. குரல் பட்டு சவ்வு அசையும்போது நடுவில் உள்ள இடைவெளி கூடிக் குறையும். அந்த மாற்றம்தான் மின் அலையாகிறது. சுருளைச் சுமக்க வேண்டாத சவ்வு என்பதால், மூச்சு வாங்குவதைக்கூட விடாமல் பிடித்துவிடும். இது வேலை செய்ய, கேபிள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

"தங்கமா!" என்று மாமியாரின் முகம் மலர்ந்தது.

"உருக்கினா கடுகளவுகூடத் தேறாது அத்தை!" என்றேன்.

"எதுவா இருந்தா என்ன? பானை வாங்கினா சுண்டிப் பாக்கறோமில்ல? அதையும் நல்லாப் பாத்து வாங்கு" என்றார்.

இவருடைய நண்பர் ஒருவர் ஒலிப்பதிவுக்காரர். எப்படிப் பார்ப்பது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். முதலில் வரிசை எண். இந்த மைக்குக்குப் போலிகள் உண்டு; ஆகவே கம்பெனியிடமே விசாரித்துவிட வேண்டும். அடுத்து, அமைதியான அறையில் யாரும் பேசாமல் ஹெட்போனில் கேட்க வேண்டும். பொரிகிற மாதிரி சத்தம் வந்தால் ஈரமோ தூசியோ உள்ளே போயிருக்கலாம். மூன்றாவதாக, இதில் ஒலி வாங்கும் திசையை மாற்ற ஒரு சிறு விசை உண்டு. முன்பக்கம் மட்டும், நாலா பக்கமும், முன்னும் பின்னும் என்று மூன்று விதம். மூன்றிலும் பேசிப் பார்க்க வேண்டும். ஆனால் 'ஃபூ' என்று ஊதவே கூடாது!

எண் சரியாக இருந்தது. பொரிகிற சத்தமும் இல்லை. முன்னும் பின்னும் வைத்துப் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. பின்பக்கத்திலிருந்து என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மங்கலாகக் கேட்டது. பின் சவ்வு தளர்ந்திருந்தது. அதை மாற்ற இன்னொரு பெருந்தொகை ஆகும். பார்வைக்கு நல்ல பானை, அடியில் விரிசல்!

அதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தேன். அங்கேயே ஸ்டூடியோ அறையில் ஒரு பக்கம் படித்தேன். அடடா, என் குரலா இது என்று எனக்கே ஆசையாக இருந்தது. பிறகு ஒரு நாளைக்கு மைக்கை இரவல் வாங்கி வந்து, அதே பக்கத்தை வீட்டில் படித்தேன். ஹைவே லாரியின் ஹாரன், அடுத்த வீட்டுக் குக்கர் விசில், எங்கள் ஃபேன், வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாமே துல்லியமாக ஆஜர்! மைக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எங்கள் வீடுதான் அதற்கு ஏற்றதாக இல்லை.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வாய்க்கு அருகில் வைத்துப் பேசுகிற சாதாரண காந்த மைக் ஒன்றைப் பத்தாயிரத்துக்குள் வாங்கினேன். தூரத்துச் சத்தத்தை அது அவ்வளவாக எடுப்பதில்லை. உள்ளறையில் புடவைகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து, இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தையைச் சாய்த்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் படிக்கிறேன். வேர்த்துக் கொட்டத்தான் செய்கிறது. ஆனால் மூன்றாவது பதிவு திரும்பி வரவில்லை!

சகோதரிகளே, பாட்டுக்கோ படிப்புக்கோ குழந்தைகள் விலை உயர்ந்த மைக் கேட்டால், முதலில் எந்த அறையில் வைக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, அந்த வகை மைக்கில் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம். கண்டென்ஸர்தான் வாங்குவது என்றால், மழைக்காலத்தில் அதைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். ஈரம்தான் அதற்குப் பகை.

வளையல்கள் என் கையில்தான் இருக்கின்றன. படிக்க உட்காரும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுகிறேன். அவை குலுங்கினால் இந்த மைக்குக்கும் கேட்டுவிடுமே!