போர்ட்ஃபோலியோவில் இல்லாத பக்கம்

டிசைன் மாணவர்களை வேலைக்குத் தயார்செய்வது என்றாலே போர்ட்ஃபோலியோவுக்கு மெருகேற்றுவதாகத்தான் நினைக்கிறோம். ஆனால் திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் உருவாவது அழகான ஓவியத்தால் மட்டும் அல்ல, டெக் பேக் எனும் தயாரிப்புக் குறிப்பாலும்தான்: துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம், அளவுப் பட்டியல், தையல் வகை, பிரிண்ட் விழவேண்டிய இடம். ஓர் அளவு பிசகினாலும் சாம்பிள் திரும்பி வரும். ஆகவே போர்ட்ஃபோலியோவில் முடிந்த படங்களுக்குப் பக்கத்தில், தோற்றுப்போன சாம்பிளும் அதைத் திருத்திய காரணமும் இருக்கட்டும்.

இப்படிப் போனால் கல்லூரி தொழிற்பயிற்சிக் கூடமாகிவிடும், கற்பனை செத்துவிடும் என்பார்கள். பயம் நியாயமானதே. ஆனால் 1961-இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு (என்ஐடி) வித்திட்ட, அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் 1958 அறிக்கை, சாதாரணச் சொம்பை எடுத்துக்கொண்டு கொள்ளளவு, எடைச் சமநிலை, பிடிக்கும் கை, விலை என்றுதானே கேள்விகளை அடுக்கியது? மாணவர்களும் அப்படிக் கேள்வி கேட்டுப் பழக, இறுதியாண்டு புராஜெக்டை ஓர் ஆலைக்குள் செய்யவைக்கலாம். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் என்று உழைப்பைச் சுரண்டாத ஆலையாகப் பார்த்து.