திருட்டுப் பணத்துக்குக் கதவு திறந்தவர்கள்

ஊழல் என்றாலே அது நம் நாட்டு நோய், ஐரோப்பா சுத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மலேசிய அரசின் முதலீட்டு நிதியான 1எம்டிபி பற்றிய வழக்கைப் பார்த்தால் அது சரியில்லை. அந்த நிதியிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. அவ்வளவு பணத்தை யாரும் பெட்டியில் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்குக் கணக்கு திறந்து தர வங்கி வேண்டும், கேள்வி கேட்காத அதிகாரி வேண்டும். சுவிட்சர்லாந்தின் பிஎஸ்ஐ வங்கி அப்படித்தான் சிக்கியது. 2016-இல் அந்நாட்டுக் கண்காணிப்பு ஆணையம் அதைக் கலைக்கச் சொன்னது. 1எம்டிபியுடன் கூட்டுச் சேர்ந்த பெட்ரோசவூடி எண்ணெய் நிறுவனத்தின் நிர்வாகிகள் இருவருக்கு சுவிஸ் நீதிமன்றம் 7 ஆண்டும் 6 ஆண்டும் சிறை விதித்ததோ 2024-இல்தான். பணம் போகத் தொடங்கியது 2009-இல்!

"அங்கே தண்டனையாவது கிடைத்ததே" என்பார்கள். இங்கும் கிடைத்தது. 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்பின் 12 ஆண்டுச் சிறையைக் கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதிசெய்தது. ஆனால் 2024-இல் மன்னிப்பு வாரியம் அதைப் பாதியாக்கி, 21 கோடி ரிங்கிட் அபராதத்தை 5 கோடியாகக் குறைத்தது. அதுதான் எனக்கு வலிக்கிறது. சிறிய குற்றத்துக்கு உள்ளே போகும் தோட்டத்துப் பையனுக்கு அந்த வாரியத்தின் வாசல்கூடத் தெரியாது.

"பெரிய இடத்து விஷயம், சிலாங்கூரின் புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் நமக்கென்ன?" என்று கேட்பதையும் ஏற்க மாட்டேன். 1எம்டிபி கடனை அரசாங்கம் அடைக்கிறது. அது நம் வரிப்பணம், தமிழ்ப்பள்ளிக்கும் கிளினிக்குக்கும் போயிருக்க வேண்டிய பணம்.