ரேக் வாங்குறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க

இங்கிலாந்துல ஒரு பெரிய கிடங்குல எனக்கு வேலை. எந்தச் சரக்கு எங்க, எவ்வளவு உயரத்துல, எத்தனை கிலோ வரைக்கும் உட்காரலாம்னு முடிவு பண்ற வேலை. ஊர்ல இதை விளக்கிச் சொல்றது கொஞ்சம் கஷ்டம். "மூட்டை அடுக்குறதுக்கா அவ்வளவு தூரம் போனே?"ன்னு கேப்பாங்க. கேட்ட அதே ஊருக்கே அந்தப் படிப்பு தேவைப்பட்டுச்சு, அதான் இந்தக் கதை.

எங்க ஊர் மார்டள்ளி. மாதேஸ்வரன் மலைக்குப் பக்கம், கர்நாடகத்துக்குள்ள தமிழ் பேசுற ஊர். கொள்ளேகால் தாலுகா 1956 வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டத்துல இருந்துச்சு. மாநிலங்களைப் பிரிச்சப்போ மைசூரோட சேர்ந்துச்சு. 1997ல சாமராஜநகர் தனி மாவட்டமாச்சு. ஆனா எங்க பெரியவங்களுக்கு இன்னிக்கும் "மைசூர் ஜில்லா"தான். ராகியும் மக்காச்சோளமும் முக்கியமான வெள்ளாமை.

சித்தப்பாவும் இன்னும் சில விவசாயிகளும் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்காங்க. அறுவடையானதும் கிடைச்ச விலைக்குத் தள்ளிவிடாம, மூணு நாலு மாசம் வச்சிருந்து விக்கலாம்னு யோசனை. போன்ல கேட்டார்.

"ஏம்ப்பா, பெங்களூர்ல ஒரு கம்பெனியை மூடிட்டாங்களாம். இரும்பு ரேக்கெல்லாம் பாதி விலைக்குத் தர்றாங்க. வாங்கிப் போட்டுரலாமா? இடம் மிச்சமாகுமில்ல?"

"சித்தப்பா, தரை என்ன தரைங்க?"

"ரேக்கைக் கேட்டா தரையைக் கேக்கறியேப்பா! கல்லு பாவுன தரைதான்."

ஏன் தரையைக் கேட்டேன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். 50 கிலோ மூட்டை 20 வச்சா ஒரு பேலட், அதாவது ஒரு டன். ஒரு தட்டுக்கு ரெண்டு பேலட், தரைக்கு மேல மூணு தட்டுன்னா ஒரு கட்டத்துக்கு 6 டன். வரிசையில நடுவுல நிக்கிற ஒவ்வொரு ஜோடிக் காலும் ரெண்டு பக்கத்துலயும் பாதிப் பாதி சுமக்கும். அப்போ ஒரு காலுக்கு 3 டன். அந்தக் காலுக்கு அடியில இருக்கிற தகடு நம்ம உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெருசு. அதே மூட்டையைத் தரையில அட்டி போட்டா பாரம் பரவலா இறங்கும். ரேக்குல அத்தனையும் ஒரே புள்ளியில இறங்கும். கல்லு உடைஞ்சு ஒரு கால் கொஞ்சம் இறங்கினாலும் மொத்த வரிசையும் சாயும். கனமான கான்கிரீட் தரை, அதுல போல்ட் போட்டு இறுக்கின கால், இது ரெண்டும் இல்லாம உயர ரேக் நிறுத்தவே கூடாது.

சாஞ்சா என்ன ஆகும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். 2016 மே மாசம் ஷ்ராப்ஷயர்ல ஹின்ஸ்டாக்குங்கிற ஊர்ல ஒரு கிடங்குல ரேக் வரிசை வரிசையா சரிஞ்சு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவர் பாலாடைக்கட்டிக் குவியலுக்கு அடியில சுமார் எட்டு மணி நேரம் சிக்கிக்கிட்டார். உயிரோட மீட்டாங்க. 2020 அக்டோபர்ல பிரேசில்ல சாவ் லூயிஸ் நகரத்து அங்காடியில அலமாரிகள் சீட்டுக்கட்டு மாதிரி விழுந்து, அங்க வேலை செஞ்ச பொண்ணு ஒருத்தி செத்துப்போனா.

பழைய ரேக் வாங்கவே கூடாதுன்னு சொல்லல. பாத்து வாங்கணும். ஐரோப்பாவுல ஈஎன் 15635ன்னு ஒரு விதிமுறை இருக்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பியைக் காலோட ஒட்டி வைக்கணும். வரிசை போற திசையில வளைவு 5 மில்லிமீட்டருக்கு மேலயோ, உள்பக்கமா வெளிப்பக்கமா 3 மில்லிமீட்டருக்கு மேலயோ இருந்தா அந்தக் காலை மாத்தணும். வளைஞ்சதைச் சுத்தியல்ல தட்டி நிமித்துறது, வெல்டிங் வைக்கிறது எல்லாம் ஆகாது. குறுக்குச் சட்டம் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனையிலயும் பூட்டு ஊசி இருக்கணும். ஒரு கம்பெனி காலுல இன்னொரு கம்பெனி சட்டத்தை மாட்டக்கூடாது. முக்கியமா, எத்தனை கிலோ தாங்கும்னு எழுதின பலகை வேணும். அது இல்லாத ரேக் வெறும் பழைய இரும்பு.

இன்னொரு கேள்வியும் இருக்கு. மேல தூக்கி வைக்கப்போறது யாரு? ஃபோர்க்லிஃப்ட் இல்லைன்னா மூணாவது தட்டுக்கு ஆள்தான் ஏறணும். இருந்தாலும் வண்டி திரும்ப 12 அடி அகலத்துக்குப் பாதை விடணும். ஊர்க் கட்டடத்துல பாதைக்கே பாதி இடம் போயிடும். இடத்தை மிச்சம் பண்ண வாங்கின ரேக், இடத்தைத் தின்னுரும்.

ரேக் எதுக்குன்னா, விதவிதமான சரக்கு இருந்து, எதை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எடுக்கணும்ங்கிறப்போதான். ஒரே ராகி, மாசக்கணக்குல அசையாம இருக்கப் போகுதுன்னா அட்டியே போதும். அடியில மரப் பேலட், சுவத்துலருந்து ரெண்டரை அடி இடைவெளி, ஒரு அடுக்கு நீளவாக்குல, அடுத்தது குறுக்குவாக்குல. மக்காச்சோளத்தை நல்லா காயவச்சுத்தான் உள்ள விடணும். ஈரம் இருந்தா பூஞ்சை பிடிச்சு விஷமாகும்.

சித்தப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பணம் கொஞ்சமா மிச்சமாகும்னு பாத்தேன். மூட்டை ஏத்துறவங்க நம்ம பசங்கதானப்பா"ன்னார்.

ரேக் வாங்கல. அந்தக் காசுல பேலட் வாங்கினாங்க, ஒழுகின கூரையைச் சரி பண்ணினாங்க. விதைப் பொட்டலம், சாமான்கள் வைக்க மட்டும் இடுப்பளவுல ரெண்டு இரும்பு அலமாரி, சுவத்தோட போல்ட் போட்டு. பூச்சி மருந்தை வேற ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டேன்.

உங்க வீட்டுலயோ ஊர்லயோ யாராவது கிடங்கு ஆரம்பிச்சா விலைப்பட்டியலைக் கடைசியில பாக்கச் சொல்லுங்க. சரக்கு என்ன, தரை எப்படி, தூக்குறது யாரு, இந்த மூணும் தெரிஞ்சா எது வேணும்னு தன்னால தெரிஞ்சுரும்.